உன் அக்காவின் ஜாடிக்கு நான் பார்த்த நிறம்

அய்யா,

உன் கடுதாசி கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. நீ சுகமாக இருப்பதாக எழுதியிருந்தாய், அது போதும் எனக்கு. நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை. நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். அக்காவின் எலும்பையும் சாம்பலையும் ஏன் ஒரு பச்சை நிறச் சீன ஜாடியில் போட்டு வைத்திருக்கிறீர்கள், தோட்டத்தில் என்ன பேசுவார்கள், கோலாலம்பூரில் எனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருந்தாய். மண் கலயத்துக்கு மாற்றி, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு எழுதுங்கள், வந்து ஆற்றில் கரைக்கிறேன், இல்லாவிட்டால் வர மாட்டேன் என்று முடித்திருந்தாய். அதை நான் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'வர மாட்டேன்' என்பதை மட்டும் மூன்று தரம் கூட்டினேன், தப்பாகப் படித்துவிட்டேனோ என்று.

பதில் எழுத இத்தனை நாள் பிடித்ததற்குக் கை வராதது மட்டும் காரணம் இல்லை. ஏன் பச்சை என்று சொல்ல வேண்டுமானால், ஏன் வெள்ளை இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போனால் உனக்குத் தெரியாத இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். இரண்டும் நான் செய்தவை. இரண்டையும் உன்னிடம் மறைத்தேன். நீ இப்போது ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டப் போகிறவன். இனி மறைக்கக் கூடாது.

முதலில் நீ இல்லாத அந்த நாளைச் சொல்கிறேன். தந்தி உன் கைக்கு மூன்றாம் நாள்தான் வந்தது, அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில் உன் அக்கா அஞ்சலையின் உயிர் போயிற்று. கொள்ளி வைக்க நீ இல்லாததால் அவள் புருஷனின் அண்ணன் வீரப்பன் வைத்தான். மறுநாள் ஆண்கள் போய்ப் பால் தெளித்து, எலும்பு பொறுக்கிப் புது மண் கலயத்தில் போட்டு, நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் கொண்டுவந்து வைத்தார்கள். கலயத்தின் வாய்க்குத் துணியால் வேடு கட்ட வேண்டும். புருஷன் இருக்கப் போய்ச் சேர்ந்தவளுக்குச் சிவப்பு, தாலி அறுத்தவளுக்கு வெள்ளை. நம் பக்கத்து வழக்கம் உனக்கே தெரியும். வீரப்பன் மடியிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தான். அதே நேரத்தில் கங்காணி பெண்சாதி ஒரு முழம் வெள்ளையோடு வந்து நின்றாள். இரண்டு பேரும் சந்தையில் துணி விற்கிறவர்களைப் போல எதிரெதிரே நின்றார்கள்.

"என் தம்பி ஊர்ல குத்துக்கல்லு மாதிரி இருக்கான். அவன் தாலி கட்டுன பொண்ணுக்கு நான் வெள்ளை கட்டுனா, அவனுக்கு நானே எமனை அனுப்புன மாதிரி. கட்ட உடமாட்டேன்" என்றான் வீரப்பன்.

"புருஷன் உசிரோட இருக்கிறவ எட்டு வருஷமா எதுக்கு வெள்ளை உடுத்துனா? வெயிலுக்கா?" என்று கேட்டாள் கங்காணி பெண்சாதி.

"அத உடுத்தச் சொன்னவங்களைக் கேளுங்க" என்று அவன் என் பக்கம் கையை நீட்டினான்.

பின்னாலிருந்து யாரோ, "ரெண்டையும் கிழிச்சு ஆளுக்குப் பாதியா கட்டுங்கப்பா, பெரட்டுக்கு நேரமாச்சு" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது போய் நிற்காவிட்டால் அன்றைய வேலை இல்லை என்பது எனக்குத் தெரியாதா? நான் குனிந்து, அங்கே கிடந்த ரப்பர்ப் பால் பிடிக்கிற மங்கு ஒன்றை எடுத்துக் கலயத்தின் வாயில் கவிழ்த்தேன். "ரெண்டு பேரும் அவங்கவங்க துணிய எடுத்துக்கிட்டுப் போங்க. ஆசையா இருந்தா நீங்களே கட்டிக்குங்க" என்றேன். எனக்கு அப்படிப் பேச வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

வீரப்பன் கேட்டதில் தப்பு இல்லை அய்யா. அவளுக்கு வெள்ளை உடுத்தியவள் நான்தான். அவள் புருஷன் மாரிமுத்து தாயாருக்குச் சீக்கு என்று கப்பல் ஏறியது உனக்கு நினைவிருக்கும். ஆறு மாதத்தில் திரும்புகிறேன் என்று போனவன், ஒன்றரை வருஷம் ஆகியும் ஒரு வரி போடவில்லை. அப்போதுதான் அவன் ஊர்க்காரன் ஒருவன் புதிதாக ஆள் சேர்ந்து நம் தோட்டத்துக்கு வந்தான். "மாரிமுத்து வீட்டுலேருந்து பாடை போனத நானே பாத்தேன். வாந்திபேதி. அவன் போயிட்டான்னு சொன்னாங்க" என்றான். வீரப்பன் மண்ணில் புரண்டு அழுதான், மொட்டை போட்டுக்கொண்டான். அஞ்சலை மட்டும் அழவில்லை. "ஒரு கடுதாசி போட்டுக் கேட்டுடலாம்மா. போக ஒரு மாசம், வர ஒரு மாசம். ரெண்டு மாசம் பொறுத்துப் பாப்போம்" என்றாள். அவளுக்கு லயத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து இருந்தது. அவளே எழுதியிருப்பாள். எனக்கு அது சரியென்றுதான் பட்டது.

ஆனால் அந்த வாரம் நீ காய்ச்சலில் விழுந்தாய். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. மங்கு துடைக்கப் போன இடத்திலேயே சுருண்டு விழுந்தாய் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். பத்து காஜாவில் உன்னைச் சேர்த்துவிட்டு நான் ஆஸ்பத்திரி மரத்தடியில் கிடந்தேன். கங்காணி பெண்சாதி பார்க்க வந்தவள் என் காதோடு சொன்னாள். "செத்தவன் கட்டுன தாலிய உன் மக கழுத்துல வச்சிருக்கா. அது சும்மா இருக்குமா? ஒரு உசிரு கேக்கும். கூடப் பொறந்தவனத்தான் கேக்கும்" என்றாள். உன் அப்பாவை மண்ணில் போட்டு அப்போது மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. நான் அவளிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து, நடந்தே தோட்டத்துக்கு வந்தேன்.

அஞ்சலை அடுப்படியில் இருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். களைந்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கழட்டுனா தம்பி பொழைச்சுக்குவானா?" நான் பிழைப்பான் என்றேன். சத்தியம் போலச் சொன்னேன். வேறு யாரையும் அவள் தொடவிடவில்லை. தானே கழற்றி, ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றி அதில் போட்டாள். வளையலையும் தானே கழற்றி வைத்தாள், உடைக்கவில்லை. நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நீ ஆஸ்பத்திரிக்குப் போம்மா, அவன் தேடுவான்" என்றாள். அப்போது அவளுக்கு இருபது வயது. இதுதான் உனக்குத் தெரியாத முதல் காரியம். நான்காம் நாள் உன் காய்ச்சல் இறங்கியது. அங்கே கொடுத்த கொயினா மருந்தில்தான் இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் கிடந்த பிள்ளைக்கும் அதே மருந்தில்தான் இறங்கியது, அவனுக்காக யாரும் எதையும் கழற்றவில்லை. அதைக் கண்ணால் பார்த்தும் நான் என் புத்திக்குள் விடவில்லை.

நீ பிழைத்து வந்து, "அக்கா ஏன் வெள்ளைச் சேலை கட்டியிருக்கு?" என்று கேட்டாய். மாமா செத்துப்போனார் என்று சொன்னோம். அவள் உன்னிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்குக் கோபம் வந்தால், "தாலியறுத்தவளே" என்று கூட ஒரு தரம் திட்டியிருக்கிறாய், சண்டையில் பிள்ளைகள் சொல்வதைப் போல. அன்றைக்கும் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் சொல்லாததற்குக் காரணம் நீ. நான் சொல்லாததற்குக் காரணம் நான்.

இரண்டாவது காரியம் இதைவிடப் பெரியது. வெள்ளை உடுத்தி ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கடுதாசி வந்தது. அஞ்சலை பால் வெட்டப் போயிருந்தாள், நான் வாங்கினேன். யார் எழுதியிருப்பார்கள் என்று தெரியாமல், ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். அவர் புதிதாக வந்தவர், எங்கள் கதை ஒன்றும் தெரியாது. மாரிமுத்து எழுதியிருந்தான். தாயார் வாந்திபேதியில் இறந்துவிட்டாள், நிலத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று, அண்ணனோடு பங்குச் சண்டை இருப்பதால் அவனுக்கு எழுதவில்லை, அஞ்சலையைக் கப்பல் ஏற்றி அனுப்பினால் நாகப்பட்டினத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தான். அந்த ஆள் பார்த்த பாடை மாரிமுத்துவின் தாயாருடையது. கிராணி படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்ல சேதிதானே ஆயா, இதுக்கு ஏன் அழுவுறீங்க?" என்றார்.

உயிரோடு இருக்கிறவன் பெண்சாதியைத் தாலி கழற்ற வைத்தவள் நான். தோட்டத்துக்குத் தெரிந்தால் ஒரு பெண்பிள்ளை என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். தாலியறுக்க நம்மிடம் சடங்கு இருக்கிறது. அறுத்ததை இல்லை என்று ஆக்க ஒரு சடங்கும் கிடையாது. கழுத்தில் ஒன்றும் இல்லாமல் அவளை எப்படிக் கப்பல் ஏற்றுவது, அவன் கேட்டால் என்ன சொல்வாள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், பண்டிகை போகட்டும் சொல்லலாம் என்று பெட்டிக்கு அடியில் வைத்தேன். அப்படியே ஒரு வருஷம் போயிற்று. பதில் வராததால் அவன் அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்ட சேதியைத்தான் பிறகு வீரப்பனுக்கு எழுதினான். வீரப்பன் அதைப் பெரட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் அஞ்சலையிடம் சொன்னான். முன்பே அவளுக்கு ஒரு கடுதாசி போட்டதாகவும் அதில் எழுதியிருந்தது. நீ அப்போது கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்ச் சில மாதம்தான் ஆகியிருந்தது. மாரிமுத்து உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும்தான் உன் காதுக்கு வந்தது.

அவள் பால் வாளியைக்கூட இறக்கி வைக்காமல் வீட்டுக்கு வந்தாள். "எங்க அந்தக் கடுதாசி?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. இத வச்சுக்கிட்டு ஒரு வருஷம் என்னம்மா பண்ணுன?" என்று கேட்டாள். கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவளைப் போலக் கேட்டாள்.

மூன்றாம் நாள் அவள் அதே வெள்ளைச் சேலையோடு தோட்டத்தை விட்டுப் போனாள். குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைக்கு அடியில் சீனர் சூளை ஒன்று இருக்கிறது, நம் தோட்டத்துக்கு மங்கு செய்து கொடுக்கிற இடம். அங்கே வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கொட்டகையில் தங்கினாள். இனி வரவே மாட்டாள் என்று நினைத்தேன். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாள், கையில் ஒரு சிலேட்டோடு. "உக்காரு. ஆனா ஆவன்னா போடு. இனிமே எது வந்தாலும் நீயே படிச்சுக்க. அடுத்தவன் வாயால கேக்காத" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாள். கை திருந்தாவிட்டால் விரலில் தட்டுவாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. அந்தச் சிலேட்டில் படித்துத்தான் உன் கடுதாசியைப் படித்தேன், இதை எழுதுகிறேன்.

சூளையில் அவளுக்கு என்ன வேலை என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். அடுப்பு வாயிலிருந்து விறகுச் சாம்பலை அள்ளி, தண்ணீரில் கரைத்து, துணியில் சலித்து, நயமான களிமண்ணோடு கலக்க வேண்டும். கஞ்சி போல வரும். மங்கையும் ஜாடியையும் அதில் முக்கி எடுத்துச் சூளையில் அடுக்க வேண்டும். உள்ளே போகும்போது எல்லாம் சாம்பல் பூசிய பண்டாரம் போலத்தான் இருக்கும். ஒரு ஞாயிறு என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சூளை திறப்பதைக் காட்டினாள். சூடு ஆறிய பிறகு உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்கள். அத்தனையும் பச்சை. குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு பச்சை, சில இடத்தில் தேன் நிறமாக ஓடியிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாம்பலா இப்படி ஆகும் என்றேன். அவள் ஒரு மங்கை எடுத்து முந்தானையால் துடைத்து என் கையில் வைத்து, "பாத்தியாம்மா? நான் சலிச்ச சாம்பல். என் கலவை. முதலாளி தௌக்கே இதத்தான் நல்லா இருக்குன்னாரு" என்றாள். அந்த எட்டு வருஷத்தில், 'நான்', 'என்' என்று அவள் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பெண் பார்த்த சேதி வந்த ஞாயிறு அவள் இங்கே இருந்தாள். உன் கடுதாசியை எனக்கு முன்னால் அவளே படித்துவிட்டு, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். "மூணாவது முடிச்சு நாத்தனாதானே போடணும். என்னப் போட உடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். நான் அரிசியில் கல் பொறுக்குவதாகப் பாவனை செய்தேன். அவளே சிரித்துக்கொண்டு, "போவுது, பின்னால நின்னு பாத்துக்கறேன். கூட்டத்துல யாரு கண்டா?" என்றாள். மூன்று வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

இப்போது ஜாடிக்கு வருகிறேன். வீரப்பனையும் கங்காணி பெண்சாதியையும் துரத்திவிட்ட பிறகு அந்தக் கலயம் மங்கு கவிழ்த்தபடி மரத்தடியில் பத்து நாள் இருந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளை பார்த்தது உன் உயிருக்காக. இன்றைக்கு வீரப்பன் சிவப்பு கேட்பது அவன் தம்பி உயிருக்காக. கங்காணி பெண்சாதி வெள்ளை கேட்பது, அன்றைக்குச் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக. அவளுக்கு எது பிடிக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, பெற்ற நானும் கேட்கவில்லை. பதினோராம் நாள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு சூளைக்குப் போனேன்.

தௌக்கே பெண்சாதியை அஞ்சலை ஆசோ என்று கூப்பிடுவாள், அவர்கள் பாஷையில் அண்ணி என்று அர்த்தமாம். என்னைப் பார்த்ததும் ஆசோ கொட்டகைக்குள் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். எலும்பு வைக்க ஒரு ஜாடி வேண்டும் என்று பாதி கையால், பாதி மலாயில் சொன்னேன். அவள் ஒரு வெள்ளை ஜாடியை எடுத்து வந்தாள். "ஓராங் மாத்தி, பூத்தே" என்றாள். செத்தவர்களுக்கு அவர்களிலும் வெள்ளைதானாம். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் செம்மண் நிறத்தில் இருந்த ஒன்றைத் தொட்டேன். என் கையில் பட்டென்று ஒரு அடி. "மேரா தா போலே! மேரா காவின்!" என்று கத்தினாள். சிவப்பு கூடாது, சிவப்பு கல்யாணத்துக்கு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அய்யா. பெற்ற பெண்ணைப் பறிகொடுத்த பதினோராம் நாள் சிரித்தேன். வீரப்பனையும் கங்காணி பெண்சாதியையும் இவளிடம் ஒரு நாள் கொண்டுவந்து விட்டால் என்ன என்று தோன்றியது. ஏன் சிரிக்கிறேன் என்று தெரியாமலே ஆசோவும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

மஞ்சள் பூச்சுப் பூசிய ஜாடி ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. அந்த நிறத்தில் போட்டுவிட்டால், நான் கழற்றச் சொன்னதை நானே திருப்பிக் கட்டியது போல ஆகும் என்று ஒரு நினைப்பு. தூக்கி மடியில்கூட வைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன். அது அவளுக்காகவா? என் மனசு ஆற வேண்டும் என்பதற்காக. அதையும் இறக்கி வைத்தேன். அஞ்சலை கடைசியாகச் செய்தது எது என்று கேட்டேன். ஆசோவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து பின்பக்கம் போய், மூடி போட்ட ஒரு சிறிய ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அவள் காய்ச்சலில் போன பிறகு வெந்து வந்த அடுக்கில் இருந்ததாம். அவள் கலந்த அதே பச்சை.

ஆசோ அதைக் கவிழ்த்து அடியைக் காட்டினாள். பூச்சில் முக்கும்போது விரலால் பிடிக்கிற இடத்தில் பூச்சு ஏறாது. மற்றவர்கள் அந்த இடத்தைப் பிறகு தொட்டுப் பூசிவிடுவார்களாம். அஞ்சலை எத்தனை சொன்னாலும் பூச மாட்டாளாம். "மாலாஸ்! மாலாஸ்!" என்று ஆசோ, தான் அவளை எப்படிச் சோம்பேறி என்று திட்டுவாள் என்பதை எனக்கு நடித்துக் காட்டினாள். காட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஜாடியின் அடியில் ஒரு பக்கம் மூன்று விரல், எதிர்ப்பக்கம் கட்டைவிரல், நான்கு இடத்தில் வெறும் மண் தெரிகிறது. என் விரலை அங்கே வைத்துப் பார்த்தேன். அவள் விரல் என்னுடையதைவிடச் சின்னது. அதற்கு மேல் நான் வேறு நிறம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, மரத்தடியில் உட்கார்ந்து, கலயத்தில் இருந்ததை என் கையாலேயே ஜாடிக்கு மாற்றினேன். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் அதே மரத்தின் தாழ்ந்த கிளையில் உறி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மழை பெய்தால் கழுவிக்கொண்டு இன்னும் பச்சையாகத் தெரிகிறது.

நீ வெள்ளை கேட்பது எதற்காக என்று எனக்குப் புரியாமல் இல்லை. வெள்ளை கட்டினால், அவள் ஒரு தாலியறுத்தவள், அவ்வளவுதான், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். சிவப்போ பச்சையோ ஆனால் கதை கேட்பார்கள், நம் வீட்டு மடத்தனம் பெண் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அய்யா, இந்தக் கடுதாசியையே அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடு. அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் நீ படித்துக் காட்டு, ஒரு வரியும் விடாதே. மாமியாராக வரப்போகிறவள் இப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டே வரட்டும். அவளை விட்டு எங்கே போனாலும் எந்த மாதம் திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ. திரும்ப முடியாமல் போனால் முடியாது என்று எழுது. அவளைப் பற்றியோ உன்னைப் பற்றியோ எவன் எந்தக் கப்பலில் என்ன சேதி கொண்டுவந்தாலும், ஒரு கடுதாசி போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். இரண்டு மாதம் ஒன்றும் பெரிய காலம் இல்லை. என் பெண் என்னிடம் கேட்டது அந்த இரண்டு மாதம்தான். நான் கொடுக்கவில்லை.

உன்னால்தான் அவளுக்கு இப்படி ஆயிற்று என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீ பதின்மூன்று வயதுப் பிள்ளை, நினைவில்லாமல் கிடந்தாய். செய்தவள் நான். ஆனால் அவள் தன் கழுத்துத் தாலியில் கை வைத்தபோது உன்னை நினைத்துத்தான் வைத்தாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ வருவாயா மாட்டாயா என்பது உன் இஷ்டம்.

இது உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகு வருகிற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஈப்போ ஸ்டேஷனுக்கு வருவேன். கோலாலம்பூர் வண்டி வந்து எல்லோரும் இறங்கி முடிகிற வரைக்கும் நிற்பேன். நீ இறங்கினால் இரண்டு பேருமாகத் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போவோம். அங்கே ஆற்றில் ஈயம் தோண்டுகிற காட்டு மண் கலக்கவில்லை, காலடி தெரிய ஓடுகிறது என்று சொல்கிறார்கள். நீ இறங்காவிட்டால் நான் ஒருத்தியாகப் போவேன். பொம்பளை கரைக்கக் கூடாது என்பார்கள். சொல்லட்டும். செய்யக் கூடாததையெல்லாம் அவளுக்கு நான் செய்திருக்கிறேன், இதையும் செய்வேன். உனக்கு லீவு கிடைக்காவிட்டால் அடுத்த ஞாயிறு என்று எழுது, அதற்கும் காத்திருப்பேன். நிறத்தை மாற்றச் சொல்லி மட்டும் எழுதாதே. அவளுக்கு ஒரு தரம் மாற்றிவிட்டேன். இன்னொரு தரம் மாற்ற மாட்டேன்.

அம்மா